பழைய படத்தைத் திரும்பப் பார்க்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர்ல எங்க வீட்டுல சனிக்கிழமை ராத்திரின்னா ஒரு பழைய படம், இல்லன்னா பழைய நாடகம். மூணு வருஷமா நடக்குது. நான், அம்மா, பதினஞ்சு வயசு மகள், எப்பவாச்சும் தம்பி குடும்பமும் வரும். இதை வெளிய சொன்னதுலேர்ந்து ஆபீஸ்ல, கோயில்ல, சொந்தக்காரங்க விசேஷத்துலன்னு எங்க போனாலும் ஒரே மாதிரி கேள்விகளா வருது, அதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வச்சிடறேன்.

பார்த்த படத்தையே எதுக்கு மறுபடி பார்க்கணும்? கதைதான் தெரியுமே?

கதை தெரியும்னு நானும்தான் நினைச்சிட்டிருந்தேன். மௌன ராகம் (1986) எங்க வீட்டுல கேசட்டா இருந்துச்சு, யாரோ டிவிலேர்ந்து ரெக்கார்ட் பண்ணிக் கொடுத்தது, எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல. அந்த கேசட் 'ஓஹோ மேகம் வந்ததோ' பாட்டுலதான் ஆரம்பிக்கும், திவ்யாவா வர்ற ரேவதி காலேஜ் பிள்ளைங்களோட மழையில ஆடிட்டிருப்பாங்க. அதனால எனக்கு மனசுல பதிஞ்சது என்னன்னா, திவ்யான்னா ஜாலியான பொண்ணு, மழை பிடிச்ச பொண்ணு, அவ்வளவுதான்.

போன வருஷம்தான் முதல்லேர்ந்து முழுசா பார்த்தேன். அன்னிக்கு சாயந்திரம் பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு அவளுக்கு முன்னாடியே தெரியும், வீட்டுக்குப் போகப் பிடிக்காமதான் வேணும்னே மழையில நின்னு நேரத்தைக் கடத்தறா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சலிச்சுப் போய் கிளம்பிடுவாங்கன்னு நினைச்சு ஆடற ஆட்டம் அது. முப்பது வருஷமா சந்தோஷப் பாட்டுன்னு நான் கேட்டுட்டிருந்தது தப்பிக்கப் பார்க்கற ஒரு பொண்ணோட பாட்டு! முதல் பத்து நிமிஷம் கேசட்ல இல்லாததால ஒரு மனுஷியையே தப்பா புரிஞ்சு வச்சிருந்திருக்கேன். அதுக்கப்புறம் கதை தெரியுமேன்னு எந்தப் படத்தைப் பத்தியும் சொல்றதில்ல.

இன்னொன்னும் சொல்லணும். சின்ன வயசுல எல்லாருக்கும் காதலனா வர்ற கார்த்திக்கைப் பிடிக்கும், கல்யாணம் ஆனப்புறம் புருஷனா வர்ற மோகனைப் பிடிக்கும், இது எல்லா வீட்டுலயும் நடக்கறது. இந்தத் தடவை என் கண்ணு திவ்யாவோட அப்பா மேலதான் இருந்துச்சு. அவருக்கு நெஞ்சுவலி வந்ததாலதான் அவ கழுத்தை நீட்டறா. அவர் கெட்டவர் இல்ல, ஆனா அவர் உடம்பு செஞ்ச வேலையை எந்த மிரட்டலும் செஞ்சிருக்காது. பக்கத்துல உட்கார்ந்திருந்த எங்கம்மா அந்த இடம் வந்தப்ப ஒண்ணுமே பேசல, நானும் கேட்கல.

அப்ப அந்தக் காலத்துல நாம முழுப் படத்தையே பார்க்கலையா?

பாதிப் பேர் பார்க்கலைன்னுதான் சொல்வேன். நாலு விதமா படம் குறைஞ்சு போயிருக்கு, ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல அகலம். சினிமாஸ்கோப் படம் அகலம் அதிகம், உயரத்தை விட ரெண்டே கால் மடங்குக்கு மேல இருக்கும். பழைய டிவி பெட்டி கிட்டத்தட்ட சதுரம். அந்தப் பெட்டி முழுக்க படம் நிறையணும்னா ரெண்டு பக்கமும் வெட்டித்தான் ஆகணும், அப்படி வெட்டினா படத்துல நூத்துக்கு நாப்பது பங்குக்கு மேல போயிடும். தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் படம் ராஜராஜ சோழன், 1973ல வந்தது, அதை டிவியில அப்படிப் பார்த்தவங்க ராஜசபையில பாதி ஆளைப் பார்த்திருக்க மாட்டாங்க. ரெண்டு பேர் பேசற காட்சியில ஒருத்தர் மூக்கு மட்டும் ஓரத்துல தெரிஞ்சது ஞாபகம் இருக்கா? அது கேமராமேன் தப்பு இல்ல.

அடுத்தது வேகம், இது நிறைய பேருக்குத் தெரியாது. தியேட்டர்ல செகண்டுக்கு 24 பிரேம் ஓடும். நம்ம ஊர் டிவியும் விசிஆரும் பால் (PAL)ங்கற முறை, அதுல 25. படத்தை அதுக்கு மாத்தும்போது பெரும்பாலும் அப்படியே கொஞ்சம் வேகமா ஓட விட்டுடுவாங்க, அதனால ரெண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சிடும், குரலும் பாட்டும் ஒரு இழை மேல ஏறிடும். ஆடியோ கேசட்ல கேட்ட பாட்டும் வீடியோல கேட்ட அதே பாட்டும் சுருதி ஒட்டாத மாதிரி இருக்கேன்னு எங்க மாமா எப்பவும் சொல்வாரு (அவருக்கு மிருதங்கம் தெரியும்), யாரும் நம்பல. அவர் காது சரியாத்தான் சொல்லியிருக்கு.

அப்புறம் தணிக்கை. சிங்கப்பூர்ல வயசு பார்த்து படத்தைப் பிரிக்கிற முறை 1991ல தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரே படம், ஆகாதுன்னு பட்டதை வெட்டிட்டு விடுவாங்க. அதனால எண்பதுகள்ல இங்க பார்த்ததும் மெட்ராஸ்ல ஓடினதும் ஒண்ணாவே இருந்திருக்கும்னு சொல்ல முடியாது.

விசிடி காலம் தனிக்கதை. ஒரு தட்டுல எழுபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் நிக்கும், படத்துக்கு ரெண்டு தட்டு மூணு தட்டு. காட்சி நடுவுலயே நின்னுடும், யாராவது எழுந்து போய் மாத்தணும், அதுக்குள்ள ஒருத்தர் பாத்ரூம் ஒருத்தர் தண்ணின்னு கலைஞ்சிடுவாங்க. இப்ப அதே காட்சி நிக்காம தொடர்ந்து ஓடும்போது ஒரு அழுகை எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிச்சு எடுத்திருக்காங்கன்னு புரியுது.

சிங்கப்பூர்ல எடுத்த பழைய தமிழ்ப் படங்கள்ல என்ன பார்க்கலாம்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. ப்ரியா (1978), நினைத்தாலே இனிக்கும் (1979), இந்த ரெண்டையும் கட்டாயம் பாருங்க. உலகம் சுற்றும் வாலிபன்லயும் (1973) நம்ம ஊர் வரும்.

இந்தப் படங்களை ரெண்டு தடவை பார்க்கணும், ஒரு தடவை கதைக்கு, இன்னொரு தடவை ஆளுங்களுக்குப் பின்னால இருக்கறதுக்கு. ரஜினிக்கும் ஸ்ரீதேவிக்கும் பின்னால ஓடற ரோடு, கடை போர்டு, பஸ், ஆத்துல நிக்கிற தொங்கான் படகு, துணி காயப்போட்ட மூங்கில் கழி, இதையெல்லாம் யாரும் பதிவு பண்ணணும்னு பண்ணல, தானா விழுந்தது, அதான் அதுக்கு மதிப்பு. சிங்கப்பூர் ஆத்தை சுத்தப்படுத்தற வேலை 1977ல ஆரம்பிச்சு பத்து வருஷம் நடந்துச்சு. இந்த ரெண்டு படமும் அந்த வேலை தொடங்கின புதுசுல எடுத்தது. சாங்கி விமான நிலையம் திறந்தது 1981 ஜூலையில, அதனால எழுபதுகள்ல எடுத்த படத்துல யாராவது சிங்கப்பூர் வந்து இறங்கினா அது பாய லேபார். மெர்லயன் 1972லேர்ந்து ஆத்து முகத்துலயே நின்னுச்சு, இப்ப இருக்கற இடத்துக்கு வந்தது 2002ல, அதனால மெர்லயன் எங்க நிக்குதுன்னு பார்த்தாலே படம் எந்தக் காலம்னு சொல்லிடலாம். ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில மூடிட்டாங்க, இனிமே அந்த பழைய இடத்தைப் பார்க்கணும்னா இப்படி ஏதாவது படத்துலதான் தேடணும்.

ப்ரியாவுல 'அக்கரைச் சீமை அழகினிலே' பாட்டு போட்டப்ப அம்மா ரிமோட்டை வாங்கி நிறுத்திட்டாங்க. டிவி கிட்ட போய் நின்னு, ரஜினியைப் பார்க்கல, ஓரத்துல போற ரோட்டை விரலால தொட்டுக் காட்டி, இந்த ரோடு வழியாத்தான் வேலைக்குப் போவேன், அப்ப எனக்கு இருபத்தி ரெண்டு வயசுன்னாங்க. நிச்சயமா அதே ரோடுதானான்னு எனக்குத் தெரியல, மகள் போன்ல பழைய மேப் தேடிப் பார்த்தா, அம்மா அதெல்லாம் காதுல வாங்கல. அன்னிக்கு அஞ்சு நிமிஷப் பாட்டைப் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. அம்மா தையல் வேலைக்குப் போன ஃபேக்டரி, அங்க சம்பளம் எத்தனை வெள்ளி, முதல் சம்பளத்துல தேக்காவுல (லிட்டில் இந்தியா பக்கம்) வாங்கின புடவை, எல்லாம் வந்துச்சு. இது எதையும் நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல.

நினைத்தாலே இனிக்கும் படத்துல வேற ஒண்ணு கவனிங்க. சிகரெட்டை பத்து தடவை தூக்கிப் போட்டு வாயில பிடிச்சா டொயோட்டா கார், தவறினா சுண்டு விரல் போயிடும்னு பந்தயம் கட்டற காட்சி, எல்லாரும் ரஜினி ஸ்டைலுக்காகப் பார்ப்போம். இந்தத் தடவை எதிர்ல உட்கார்ந்திருக்கற பூர்ணம் விஸ்வநாதன் மூஞ்சியை மட்டும் பாருங்க. விரலை வெட்டற பேச்சு பேசற மனுஷன் அவ்வளவு சாந்தமா இருக்கறதாலதான் நமக்கு வயித்தைக் கலக்குது. ஜெயப்பிரதா விஷயமும் அப்படித்தான், அந்தப் பொண்ணுக்கு என்ன வியாதின்னு முடிவு தெரிஞ்சுட்டுப் பார்த்தா முதல்ல விளையாட்டாத் தெரிஞ்ச ஒவ்வொரு பொய்யும் வேற மாதிரி கேட்குது.

இப்ப பார்த்தா சில காட்சி சங்கடமா இருக்கே, என்ன பண்றது?

சங்கடமாத்தான் இருக்கும், இருக்கணும். மன்னன் (1992) எங்க குடும்பத்துக்கே பிடிச்ச படம். ரஜினியும் கவுண்டமணியும் டிக்கெட் வாங்கப் போய் அடிக்கிற கூத்துக்கு இன்னிக்கும் அம்மா கண்ணுல தண்ணி வர சிரிப்பாங்க. ஆனா படத்தோட முடிவு என்ன? ஃபேக்டரியைத் தனியா நடத்தின விஜயசாந்தி கடைசியில நான் வீட்டோட இருந்துக்கறேன்னு முடிவெடுக்கறா, அதுதான் சுப முடிவு. மகள் கேட்டா, "ஏம்மா, அவங்க திமிரு குறையணும்னா சரி, வேலையை எதுக்கு விடணும்?" நானும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். நாங்க ரெண்டு பேருமே கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போனவங்க, அந்த முடிவுக்கு கை தட்டினவங்களும் நாங்கதான். அதே விஜயசாந்தி ரெண்டு வருஷம் முன்னாடி போலீஸ் அதிகாரியா நடிச்சு தேசிய விருது வாங்கினாங்க, தமிழ்ல வைஜெயந்தி ஐபிஎஸ்னு வந்துச்சு, அதுக்கும் கை தட்டினோம். ரெண்டு கைதட்டும் ஒரே மனசுலேர்ந்துதான் வந்திருக்கு, அதை யோசிக்க வச்சதே இந்தத் தடவை பார்த்ததுதான்.

இதை விட எனக்கு வலிச்சது சிவாஜி (2007). அங்கவை சங்கவைன்னு பேர் வச்சு ரெண்டு பொண்ணுங்க முகத்துல கறுப்பு பூசி சிரிக்க வச்ச காட்சி. அப்ப தியேட்டர்ல நானும் சிரிச்சேன். அங்கவை, சங்கவைன்னு சொல்றது பாரி மகளிரை. 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில் எந்தையும் உடையேம்'னு அப்பாவையும் மலையையும் இழந்துட்டு பாடின பிள்ளைங்க, புறநானூறு 112. அந்தப் பாட்டை என் மகள் படிச்சிருந்தா. காட்சி வந்ததும் "அந்த அங்கவையா?"ன்னு மட்டும் கேட்டா. அவளும் கறுப்புதான். நான் படத்தை நிறுத்திட்டேன், அன்னிக்கு அதுக்கு மேல போடல.

அப்ப இந்த மாதிரி படத்தை பிள்ளைங்களுக்குக் காட்டவே கூடாதா?

காட்டுங்க, கூட உட்கார்ந்து காட்டுங்க. தனியா விட்டா அது பாட்டுக்கு உள்ள போயிடும், கூட இருந்தா கேள்வி வரும். அந்தக் காலம் அப்படின்னு சொல்லி வாயை மூட வைக்காதீங்க, அந்தக் காலத்துலயும் அந்தக் காட்சியில முகம் சுளிச்ச பொண்ணுங்க இருந்திருப்பாங்க, அவங்களை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

கறுப்பு வெள்ளைப் படம்னாலே பிள்ளைங்க ஓடறாங்களே?

பராசக்தி (1952) போடுங்க, ஆனா கோர்ட் வசனத்துக்காகன்னு சொல்லிப் போடாதீங்க. அது ஒரு புலம்பெயர்ந்த குடும்பத்தோட கதைன்னு சொல்லிப் போடுங்க. அண்ணன் தம்பி மூணு பேர் ரங்கூன்ல, தங்கச்சி மதுரையில, போர் வந்துடுது, கப்பல்ல ஒருத்தருக்குத்தான் டிக்கெட் கிடைக்குது, மத்தவங்க அகதிகளா நடந்தே வர்றாங்க, அதுல ஒருத்தர் குண்டு வீச்சுல காலை இழக்கறாரு. கருணாநிதி வசனம், சிவாஜியோட முதல் படம்னு மட்டும்தான் எனக்கு மனசுல இருந்துச்சு. மலாயாவுலயும் சிங்கப்பூர்லயும் ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது ஊர்க்கதை. எங்க தாத்தா ரயில் போடற வேலைக்குப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு ஒளிஞ்சிருந்த கதையை அம்மா அன்னிக்குத்தான் மகள்கிட்ட சொன்னாங்க, அவ அதை ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு எழுதிட்டுப் போனா.

கீழ ஆங்கிலத்துல சப்டைட்டில் இருந்தா போடுங்க, தப்பே இல்ல. பழைய படத்து உச்சரிப்பு தெளிவு, படிச்சுக்கிட்டே கேட்டா கேட்கறதுதான் கொஞ்ச நேரத்துல முன்னால வந்துடும்.

நம்ம வயசுக்கு ஏத்த மாதிரி படம் மாறுமா?

வீடு (1988), பாலு மகேந்திரா படம். இருபது வயசுல பார்த்தப்ப மெதுவா போகுது, பாட்டே இல்லன்னு பாதியில எழுந்துட்டேன். தம்பி பிடிஓ வீட்டுக்கு (முதல்ல பதிஞ்சு வச்சா அப்புறம் கட்டித் தர்ற அரசாங்க அடுக்குமாடி வீடு) நாலு வருஷம் காத்திருந்தான், அந்த நாலு வருஷத்துக்கு நடுவுல மறுபடி பார்த்தோம். சுதாவா வர்ற அர்ச்சனா ஒவ்வொரு மூட்டை சிமெண்டுக்கும் கணக்குப் போடறது, கான்ட்ராக்டர் ஏமாத்தறதை சித்தாள் மங்கம்மா வந்து சொல்றது, ஆபீஸ்ல கடன் கேட்டு நிக்கிறது, தம்பி பொண்டாட்டி மூச்சே விடாம பார்த்தா.

அதுல தாத்தாவா சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டின வீட்டைப் பார்க்க அவர் தனியா போவாரு. சுவரைத் தடவுவாரு, ரூம் ரூமா நடப்பாரு, வசனம் கிடையாது. திரும்பி வர்ற வழியிலயே உயிர் போயிடும். இங்க அப்படிக் கட்டற வீட்டுக்குள்ள போய்த் தடவ முடியாது, வேலி அடைச்சிருக்கும், தம்பி தினமும் பஸ்ஸுலேர்ந்து எந்த மாடி வரைக்கும் ஏறியிருக்குன்னு எண்ணிட்டுப் போவான். ஆனா சாவி வாங்கின அன்னிக்கு முதல் வேலையா அவன் செஞ்சது என்ன தெரியுமா, செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய் சுவர்ல கை வச்சான். நான் வாசல்லயே நின்னு அழுதுட்டேன், யாருக்கும் காரணம் புரியல.

இந்தப் படத்தோட நெகட்டிவே இப்ப இல்லைன்னு பாலு மகேந்திராவே வருத்தப்பட்டுச் சொல்லியிருக்காரு. தமிழ்ல முதல் பேசும் படம் காளிதாஸ் (1931), அதோட பிரதியும் நம்மகிட்ட இல்ல. கையில இருக்கும்போதே பார்த்துடணும்னு நான் அவசரப்படறது இதனாலதான்.

டிவி நாடகத்தையும் இப்படிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனா ஒரே மூச்சுல பார்க்காதீங்க. வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதினது அது. மர்மதேசத்துல விடாது கருப்பு அப்படி வந்ததுதான், ஒரு வாரம் பயந்துட்டு அலையணும்னு கணக்குப் பண்ணி முடிச்சிருப்பாங்க. ராத்திரியோட ராத்திரியா பத்து எபிசோடு பார்த்தா அந்தப் பயம் கரைஞ்சிடும், ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்.

நம்ம ஊர் நாடகங்களையும் விட்டுடாதீங்க. தமிழ் நிகழ்ச்சிங்க மத்த நிகழ்ச்சிங்களோட ஒரே சேனல்ல இடத்தைப் பங்கு போட்டுட்டிருந்த காலம் போய் 2008 அக்டோபர்லதான் வசந்தம் முழு சேனல் ஆச்சு. பத்து பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின வேட்டை மாதிரி போலீஸ் தொடரைப் போட்டுப் பாருங்க, புளோக் கீழ்த்தளம், கோப்பிக்கடை, நாம பேசற அதே தமிழ். சின்னத்திரை நாடகம்தானேன்னு அப்ப நான் அலட்சியமா இருந்தேன், அது தப்பு. நம்ம பேச்சு, 'அங்கிள் தே ஓ ஒண்ணு'ன்னு (பால் இல்லாத டீ) கேட்கற தமிழ், வேற எந்த ஊர் படத்துலயும் வராது.

எங்க கிடைக்கும்? டிவியில ஏதாவது மாத்தணுமா?

வசந்தம் நாடகங்க மீவாட்ச்சுல (மீடியாகார்ப்போட இணையத் தளம்) இலவசமா நிறைய இருக்கு. பழைய படங்க யூடியூப்ல இருக்கு, உரிமை வச்சிருக்கற கம்பெனியோட சேனலா பார்த்துப் போடுங்க, படமும் சுத்தமா இருக்கும். மீட்டெடுத்த ஆசியப் படங்களை கேனிங் ரைஸ்ல ஓல்டம் தியேட்டர்ல போடுவாங்க, ஏஷியன் ஃபிலிம் ஆர்க்கைவ் நடத்தறது, நிகழ்ச்சி பட்டியலை எப்பவாச்சும் பாருங்க.

டிவியில ரெண்டு விஷயம். படம் சதுரமா இருந்தா சதுரமாவே விடுங்க, பக்கத்துல கறுப்பா இருக்கேன்னு இழுத்து நிரப்பாதீங்க, மாட்டு வண்டிச் சக்கரம் முட்டை மாதிரி தெரிஞ்சா இழுத்திருக்குன்னு அர்த்தம். இன்னொன்னு, அசைவை வழவழன்னு காட்டற செட்டிங் ஒண்ணு இருக்கும், அதை அணைச்சிடுங்க, அது இருந்தா சிவாஜி நடிப்பே சீரியல் மாதிரி ஆயிடும்.

தியேட்டர்ல ரீ-ரிலீஸ் வந்தா போகலாமா?

போங்க. கர்ணன் (1964) 2012ல புதுப்பிச்சு வந்துச்சு, கில்லி (2004) 2024ல வந்துச்சு. கூட்டத்தோட பார்க்கறது வேற அனுபவம், ஆனா புதுசா எதையாவது கவனிக்கணும்னா வீடுதான் சரி, தியேட்டர்ல நாம பழைய சந்தோஷத்தைத்தான் தேடிப் போறோம்.

பிடிச்ச படம் இப்ப பிடிக்காம போயிட்டா?

போகும். எனக்கு மூணு நாலு படம் போயிடுச்சு. அதுக்காக அப்ப பிடிச்சது பொய் ஆயிடாது.

அப்பா அம்மாவோட பார்த்தா அவங்க பேசிக்கிட்டே இருக்காங்க, படமே கேட்கலையே?

நிறுத்திட்டு அவங்க பேச்சைக் கேளுங்க, படம் எங்கயும் போகாது. நாங்க இப்பல்லாம் ரிமோட்டை அம்மா கையிலயே கொடுத்துடறோம். முடிஞ்சா போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, சொல்லிட்டுப் பண்ணுங்க. மகள் இதுவரைக்கும் பதினோரு தடவை பண்ணி வச்சிருக்கா, ப்ரியா பார்த்த அன்னிக்குப் பண்ணினதுதான் அதுல நீளம், பின்னால இளையராஜா பாட்டு நின்னு நின்னு கேட்குது.